கெட்ட செய்தி எழுத வேண்டாம்

ஈப்போ
மார்ச் 4

அன்புள்ள திருமதி ஷெரில் திமோத்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் மகளும் மாமியாரும் சுகமாக இருக்கிறீர்களா? பீடோர் பக்கம் டிங்கிக் காய்ச்சல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாளியில்கூடத் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் கௌரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆகஸ்டில் லெபனானுக்குப் போகும் மலேசிய அமைதிப்படை அணியில் நம் வட்டாரத்து வீரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் போவதற்கு முன்னும் போன பின்னும் குடும்பங்களைக் கவனிக்க ஒரு குழு இருக்கிறது. பதினொரு குடும்பம் என் பொறுப்பு. பத்துப் பேரைச் சந்தித்துவிட்டேன், உங்களைத்தான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நீங்கள் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் பழைய முறையில் எழுதுகிறேன்.

வாரிசுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். உங்கள் கணவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட ஒரு பத்திரம் வேண்டும், அதற்கு நான் உதவுகிறேன். நான் தயாரித்த வழிகாட்டித் தாள் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். முதல் வரியைக் கட்டாயம் படியுங்கள்: கெட்ட செய்தி எழுத வேண்டாம். தூரத்தில் இருப்பவரால் எதையும் செய்ய முடியாது, மனம்தான் கலங்கும்.

என் கணவர் குலசிங்கமும் இராணுவத்தில் இருந்தவர்தான். முப்பது வருடத்துக்கு முன் போஸ்னியாவுக்குப் போய் வந்தார். நானும் உங்களைப் போல் காத்திருந்தவள். ஆகவே எதையும் தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
கௌரி குலசிங்கம்

&nbsp;

பீடோர்
மார்ச் 15

மதிப்பிற்குரிய கௌரி டீச்சருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு வராததற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்துக்குள் போன் லைன் கிடைக்காது. பெரிய சாலைக்குப் போகும் சின்னப் பாலத்தில் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பயிற்சி முகாமில் என் வீட்டுக்காரர் திமோத்திக்கு ஒரு மணி நேரம் போன் கொடுப்பார்கள். அப்போது மாமியாரும் மகள் ஜானிஸும் என்னோடு பாலத்துக்கு வருவார்கள். மாமியார் அரை மணி நேரம் பேசுவார், பிள்ளை பாட்டுப் பாடும், மிச்சம் எனக்கு. அதில் என்ன பேசுவது? ஆகவே நீங்கள் கடிதம் எழுதியது எனக்கு வசதிதான். தோட்டத்துத் தபாலெல்லாம் சீனி அண்ணன் கடைக்கு வரும், நானே போய் எடுத்துக்கொள்வேன்.

நான் கொய்யாத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். காய்க்குப் பை கட்டும் வேலை. நாங்கள் இருப்பது பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் போய்விட்டது. ஏழு குடும்பம்தான் மிச்சம்.

படிவத்தை நிரப்பி அனுப்புகிறேன். திமோத்தி லாரி ஓட்டும் பிரிவில் கோப்ரல். "லிஸ்ட்ல என் பேரு வந்துருச்சு, போய்தான் ஆகணும்" என்று சொன்னார். அதனால் நான் ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் கேட்கச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது எப்படி இருந்தார்? போவதற்கு முன்னால் இருந்த அதே ஆள்தானா? இங்கே கேட்க எனக்கு ஆளில்லை. மாமியாரிடம் கேட்டால் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுகிறார்.

பணிவுடன்,
ஷெரில்

&nbsp;

ஈப்போ
மார்ச் 24

அன்புள்ள ஷெரில்,

கடிதமும் படிவமும் கிடைத்தன. எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கேயும் சுகம். குலசிங்கத்துக்குக் கொஞ்சம் முழங்கால் வலி, மற்றபடி ஒன்றுமில்லை.

படிவத்தில் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் விட்டுவிட்டீர்கள். நான் சேர்த்துவிட்டேன். பத்திரத்துக்குத் திமோத்தியின் கையெழுத்து வேண்டும். அடுத்த விடுமுறையில் அவர் வரும்போது போட்டுவிடலாம்.

ஜானிஸுக்கு நான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்றால் புரியாது. பெரிய நாட்காட்டி ஒன்றை வாங்கி, பிறந்தநாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றிலும் படம் ஒட்டிக் கொடுங்கள். கடைசிப் படம் அப்பாவுடையதாக இருக்கட்டும். வீட்டுக் குழாய், மின்சாரம், கேஸ் இதற்கெல்லாம் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன பிறகு கேட்டால் அவருக்குத்தான் கவலை.

ஏப்ரல் 13 என் வீட்டிலேயே கூட்டம் வைக்கிறேன். கட்டாயம் வாருங்கள். பஸ் நிலையத்தில் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கௌரி

&nbsp;

பீடோர்
ஏப்ரல் 20

கௌரி டீச்சருக்கு,

ஸ்தோத்திரம். நீங்களும் அங்கிளும் சுகமா? அங்கிளின் முழங்காலுக்கு மாமியார் ஒரு தைலம் சொல்கிறார், அடுத்த தடவை கொண்டு வருகிறேன்.

உங்கள் வீட்டில் எங்களை நன்றாகக் கவனித்தீர்கள். அங்கிள் தட்டைத் தூக்கி வந்து எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாரே, எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் சீனி எடுத்து நீட்டியபோது உங்களிடம்கூட "மிக்க நன்றி" என்று சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு புருஷன் பெண்சாதிக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்து வைத்தவர்.

டீச்சர், அன்றைக்குப் பின்னால் குசினியில் பாத்திரம் கழுவும்போது ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். சுவர்ணா இருக்கிறாரே, செமோர் ஊர்க்காரர், அவர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் வேணாம்னுட்டாரு முதல்ல. உங்க திமோதான் முன்னாடியே பேரு கொடுத்தவரு, அவரப் பாத்துதான் இவரும் கொடுத்தாரு." நான் தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. லிஸ்டில் பேர் வரவில்லை. அவரே கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அது போதாதென்று வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ். தோட்டத்து நிலத்தை விற்றுவிட்டார்களாம். அக்டோபர் முடிவுக்குள் ஏழு வீடும் காலி செய்ய வேண்டுமாம். மாமியார் இந்த லயத்துக்கு மருமகளாக வந்தவர். நோட்டீஸை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லிறாதம்மா. துப்பாக்கி புடிச்சிக்கிட்டு நிக்கிறவன், மனசு எங்கயாச்சும் போச்சுனா என்னா ஆவுறது?" என்றார்.

சொல்லட்டுமா, வேண்டாமா? எனக்கு வேலையில் கை நிற்கவில்லை. நேற்று ஒரே காய்க்கு இரண்டு பை கட்டியிருக்கிறேன், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டினார்.

அங்கிளைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள்.

ஷெரில்

&nbsp;

ஈப்போ
ஏப்ரல் 27

அன்புள்ள ஷெரில்,

சுகம். உன் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன். ஒருமையில் எழுதுவதைத் தவறாக நினைக்காதே, நீ என் மகனைவிடச் சின்னவள்.

திமோத்தியிடம் இப்போது சொல்ல வேண்டாம். மாமியார் சொல்வது சரி. கண்ணிவெடி, சோதனைச் சாவடி என்று உயிரோடு சம்பந்தப்பட்ட பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். வீடு போகிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடம் கவனம் போகும், அந்த ஒரு நிமிடம் போதும். அவர் லெபனானில் காலூன்றி நிலைத்த பிறகு, நீ வேறு வீட்டுக்குப் போய்விட்டு, "மாறிவிட்டோம், வசதியாக இருக்கிறோம்" என்று எழுதினால் போதும்.

நில அலுவலகத்தில் வேலை பார்த்த கார்த்திகேசு என்பவர் எங்கள் சொந்தக்காரர். அவரிடம் பேசிவிட்டேன். நோட்டீஸின் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த செவ்வாய் அவரைப் போய்ப் பார். மாற்று வீடு கேட்க வழி உண்டா என்று சொல்வார்.

பேர் கொடுத்த விஷயத்தைக் கிளறாதே. ஆண்கள் சில நேரம் அப்படித்தான்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

கௌரி

&nbsp;

பீடோர்
மே 30

கௌரி டீச்சருக்கு,

சுகம். நீங்கள் சுகமா?

கார்த்திகேசு ஐயாவைப் பார்த்தேன். நல்ல மனிதர். மாற்று வீடு கேட்டு ஏழு குடும்பமும் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், எப்படியும் அக்டோபருக்குள் கிடைக்காது என்றார்.

போன வாரம் கம்பெனி ஆட்கள் வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வீடு நான்கு. இரண்டே நாளில் திமோத்தி மூன்று நாள் லீவில் வந்து நிற்கிறார். நானும் மாமியாரும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. கதவை எந்நேரமும் திறந்தே வைத்து, நம்பர் தெரியாதபடி வெளிச்சுவரோடு சாய்த்துவிட்டோம். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "என்னாது இது நம்பரு?" என்றார். டிங்கிக்கு மருந்தடிக்க வந்தவர்கள் போட்டது என்று சொன்னேன். மாமியாரும் ஆமாம் என்றார். பிள்ளையும் ஆமாம் என்றது. என் பிள்ளைக்கு நான்கு வயதில் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டேன் டீச்சர்.

அவர் நம்பினாரா தெரியாது. "ஓ, சரி" என்று சொல்லிவிட்டுக் கூரை ஒழுகும் இடத்தைப் பார்க்க ஏணி எடுக்கப் போய்விட்டார். வெயிலில் மூன்று மணி நேரம் கூரைமேல் உட்கார்ந்து தகரம் அடித்தார். இடிக்கப்போகிற கூரை. நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். அவர் எனக்கு எதையோ சொல்ல வருகிற மாதிரி இரண்டு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஆணியைப் பற்றித்தான் பேசினோம்.

போகிற அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "சாப்பாட்டுக்குத் தேங்க்ஸ்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. குழம்பில் புளி கூடிப்போனால் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார், அடுத்த நிமிடம் இன்னொரு அகப்பை கேட்பார். அதுதான் என் திமோத்தி. இது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர், மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். அங்கிள் திரும்பி வந்தபோது எப்படி இருந்தார்? எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறீர்கள், கேஸ் சிலிண்டருக்குக்கூட. இதற்கு மட்டும் ஏன் இல்லை?

ஷெரில்

&nbsp;

பீடோர்
ஜூன் 28

கௌரி டீச்சருக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் சீனி அண்ணன் கடைக்குப் போய்க் கேட்கிறேன். "எழுதினா நாந்தான் கொண்டாந்து குடுக்க மாட்டனா?" என்று அவருக்கே சலித்துவிட்டது.

உடம்புக்கு ஏதாவதா? நான் எழுதிய விதம் தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது.

புறப்படும் நாள் ஆகஸ்டு 12 என்று முடிவாகிவிட்டது. ஜூலை 20 போர்ட்டிக்சன் முகாமில் குடும்ப நாள். பஸ் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நான் போகிறேன்.

ஷெரில்

&nbsp;

ஈப்போ
ஜூலை 6

பிள்ளை ஷெரில்,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ ஒரு தப்பும் எழுதவில்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதைத் திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடுவேன்.

குலசிங்கம் போஸ்னியாவுக்குப் போனது ஓர் அக்டோபர் மாதம். அப்போது எங்கள் மகன் ஷானுக்கு மூன்று வயது. எனக்கு வயிற்றில் இரண்டு மாதம். பெண் பிள்ளை வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜனவரியில், ஐந்தாவது மாதத்தில், அது தங்காமல் போய்விட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அதிகாரி ஒருவரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போது அவருக்கு எழுதாதே கௌரி. பனியில் துப்பாக்கியோடு நிற்கிறவர். வந்த பிறகு நேரில் சொல்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அது சரி என்று பட்டது. வாரா வாரம் "நாங்கள் சுகம்" என்று எழுதினேன்.

அதோடு நிற்கவில்லை, பிள்ளை. ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கேட்பார்: குழந்தை எப்படி இருக்கிறது, உதைக்கிறதா? பதில் சொல்லாமல் விட்டால் சந்தேகப்படுவாரே என்று, "உதைக்கிறது" என்று எழுதினேன். "இடது பக்கமாக உதைக்கிறது" என்றுகூட எழுதினேன். அவர் திரும்பி வரும்வரை மூன்று மாதம் அப்படி எழுதினேன்.

ஏப்ரலில் வந்தார். விமானத்திலிருந்து இறங்கி நேராக என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன். "பரவாயில்லை. வந்ததுக்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால், அடித்திருந்தால்கூட, நான் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து அவர் மரியாதையான மனிதராகிவிட்டார். அதற்கு முன் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் சண்டை. உப்புக்குச் சண்டை, விசிறியை எத்தனையில் வைப்பது என்பதற்குச் சண்டை. வந்த பிறகு தேத்தண்ணீருக்கு நன்றி, சட்டைக்கு நன்றி. உறவினர்கள் எல்லாரும் உன்னைப் போலவே, நான் கொடுத்து வைத்தவள் என்றார்கள். யாரிடம் போய் என்ன சொல்லி அழுவேன்? என் புருஷன் எனக்கு நன்றி சொல்கிறார் என்றா?

ஒரு வருடம் கழித்து ஷானைக் கூட்டிக்கொண்டு தைப்பிங்கில் என் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். பதினொரு மாதம் இருந்தேன். இது நம் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் சனிக்கிழமை தவறாமல் வந்து, முன்னறையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஷானுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்று நானே திரும்பி வந்தேன். அங்கே அவர் என்ன பார்த்தார் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கிற உரிமையை நான் இழந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இதுதான் நீ மூன்று தடவை கேட்டதற்குப் பதில். அந்தத் தாளில் முதல் வரியை எழுதியவள் நான். எட்டு வருடமாக அதை எல்லாரிடமும் கொடுத்துவருகிறேன். எனக்குச் சொல்லப்பட்டதை நான் உங்களுக்குச் சொன்னேன். உனக்கு நான் சொன்னது பிழை.

குடும்ப நாளன்று திமோத்தியிடம் சொல்லிவிடு. ஜூலை 25 வரை பெயரை விலக்கிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. போவதா, இருப்பதா என்று இருவரும் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

இதை எழுதியது குலசிங்கத்துக்குத் தெரியாது.

கௌரி

&nbsp;

பீடோர்
ஜூலை 29

அன்புள்ள கௌரி ஆன்ட்டிக்கு,

உங்கள் கடிதத்தைக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு வேலை செய்யவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர்ட்டிக்சனில் நடந்ததைச் சொல்கிறேன். கூடாரம் போட்டு, பிள்ளைகளுக்குப் பலூன் கொடுத்து, வெள்ளைச் சாயம் பூசிய வண்டிகளைக் காட்டினார்கள். திமோத்தி நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஜானிஸைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைச் சுவர்ணா அக்காவிடம் விட்டுவிட்டு, "கொஞ்சம் கடல் பக்கம் போலாம்" என்று கூப்பிட்டுப் போனேன். நோட்டீஸைக் கையில் கொடுத்தேன். ஏப்ரல் மாதத் தேதியைப் பார்த்துவிட்டார்.

"மூணு மாசம்லா ஷெரில்! மூணு மாசமா கையில வச்சிக்கிட்டு இருந்தியா? டிங்கின்னு சொன்ன! நா கூரைக்குத் தகரம் அடிச்சப்பகூட ஆணி எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்கிற! நா என்னா வெளியாளா?"

அவர் போட்ட சத்தத்தில் மற்றக் குடும்பமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கும் வந்துவிட்டது. "நீ மட்டும் என்னா? லிஸ்ட்ல பேரு வந்துச்சா? யாரு குடுத்தா அந்தப் பேர?" என்று கேட்டேன்.

அவர் காலால் மணலைக் கிளறிக்கொண்டு சொன்னார். "பன்னெண்டு வருஷமா லாரி ஓட்டுறேன். ஈப்போ, தைப்பிங், ஈப்போ. தோட்டத்துல நம்மள சோல்ஜருன்னு கூப்புடுறாங்க, நா காய்கறி மூட்டைதான் ஏத்தி எறக்குறேன். ஒரு தடவையாச்சும் போயி பாக்கணும்னு இருந்துச்சு. உன்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. வேணாம்னு சொன்னா நா போமாட்டேன். அதான் கேக்கல."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது, இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

அன்றைக்கே மேஜரிடம் போய்ச் சொல்லி நான்கு நாள் லீவு வாங்கினார். பேரை எடுக்கிறேன் என்றார் முதல் நாள். இரண்டாம் நாள் போகிறேன் என்றார். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார். அந்த மூன்று நாளும் பீடோர் முழுக்க வீடு தேடி நடந்தோம், நடந்த இடமெல்லாம் சண்டை. கடைசியில் டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. மாமியாருக்கு மாடிப்படி பிடிக்கவில்லை, ஆனால் மாதா கோயில் பக்கம். சாமானை அவரே லாரி பிடித்து ஏற்றினார். மாமியார் லயத்துக் கதவைச் சாத்திவிட்டு அழவில்லை, எங்களைத்தான் திட்டினார்.

போகச் சொல்லிவிட்டேன் ஆன்ட்டி. சொன்ன பிறகு ஒவ்வொரு மணி நேரமும் மனசு மாறுகிறது. செய்தியில் லெபனான் என்ற பேர் வந்தால் டிவியை அணைத்துவிடுகிறேன், அப்புறம் நானே போட்டுப் பார்க்கிறேன். 25ஆம் தேதி போய்விட்டது. இனி மாற்ற முடியாது.

12ஆம் தேதி வழியனுப்ப சுபாங் விமானத் தளத்துக்கு நீங்களும் அங்கிளும் வருவீர்களா?

அன்புடன்,
ஷெரில்

&nbsp;

பீடோர்
ஆகஸ்டு 16

அன்புள்ள ஆன்ட்டிக்கு,

நலமா? நாங்கள் இருக்கிறோம். திமோத்தி போய்ச் சேர்ந்துவிட்டார். "வந்துட்டோம். வெயிலு. தலை வலிக்குது. பயமாதான் இருக்கு" என்று நான்கு வரி அனுப்பினார். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். விமானத் தளத்தில் நீங்கள் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கிள் என் பக்கத்தில் வந்து நின்றார். திமோத்தி உள்ளே போய்விட்ட நேரம். நான் கடைசி நிமிடம்வரை மாமியாரின் மருந்துச் சீட்டுக்காக அவரிடம் சண்டை போட்டு முடித்து அழுதுகொண்டிருந்தேன். அங்கிள், "கவலைப்படாதை பிள்ளை" என்றார். நான் யோசிக்காமல், "ஆன்ட்டி எழுதின கடிதம் இல்லனா நான் இவருகிட்ட ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். "என்ன எழுதினவ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆன்ட்டிகிட்டயே கேளுங்க" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக.

அவர் முகம் மாறிப்போனது. வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாரா? எனக்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. திட்டுவதானாலும் எழுதுங்கள்.

புது முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஷெரில்

&nbsp;

ஈப்போ
செப்டம்பர் 9

மகள் ஷெரிலுக்கு,

நீரும் குழந்தையும் மாமியாரும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். கௌரியின் கையெழுத்து இல்லையே என்று பயப்பட வேண்டாம். அவ சுகம். இது குலசிங்கம் எழுதுவது.

நான் வழியில் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான் கேட்டேன். அவ உமக்கு எழுதியதை எல்லாம் ஒன்றுவிடாமல் எனக்குச் சொன்னா. நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பின் இந்த வீட்டில் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆகையால் உமது கடிதத்துக்கு அவவால் பதில் போட முடியவில்லை. பிழை என்னுடையது.

நான் திரும்பி வந்தபோது எப்படி இருந்தேன் என்று நீர் கேட்டிருக்கிறீர். கௌரி தனக்குத் தெரிந்ததைச் சொன்னா. அவவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

என்னோடு தகவல் தொடர்புப் பிரிவில் ரூபன் என்றொருவன் இருந்தான். ஜனவரிக் கடைசியில் அவனுக்கு மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். "பாவம் கௌரி அக்கா, பிள்ளை தங்கவில்லை, ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்" என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும்.

கௌரி எழுதுவா என்று காத்திருந்தேன். அடுத்த கடிதம் வந்தது, நாங்கள் சுகம் என்று இருந்தது. சொல்வதற்குத் தைரியம் இல்லை போலும், நானே வழி எடுத்துக் கொடுப்போம் என்று, "குழந்தை உதைக்கிறதா?" என்று கேட்டு எழுதினேன். "உதைக்கிறது, இடது பக்கமாக" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை வாசித்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சட்டை இல்லாமல் போய் நின்றேன், ரூபன்தான் இழுத்து வந்தான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். அவ சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். பிறகு, எவ்வளவு தூரம் சொல்வா என்று பார்ப்பதற்காகக் கேட்டேன். அது கொடுமை என்று இப்போது தெரிகிறது.

அங்கே நான் பார்த்தவை வேறு. அவற்றையும் ஒருநாள் கௌரியிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் என்னை மாற்றியது அவை இல்லை. ஊர் மெச்சிய என் மரியாதை எல்லாம் கோபம்தான், மகள். முப்பது வருடக் கோபம். "எனக்குத் தெரியும், அழாதே" என்று நானும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் தனியாக உட்கார்ந்து, இல்லாத பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். அவவை அப்படி எழுத வைத்தது பாதி நான்.

திமோத்தியிடம் சொல்லும், எதுவானாலும் எழுதட்டும். நீரும் எழுதும்.

இதை நேரில் அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உமக்கு எழுதிவிட்டேன். உறையை ஒட்டாமல் அவவின் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

உமது நலம் நாடும்,
த. குலசிங்கம்

&nbsp;

ஷெரில், வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். முத்திரை ஒட்டிவிட்டேன். அவர் வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். அரை மணி நேரமாக ஒரே செடிக்கு. கதவு வரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இப்போது போகிறேன். — கௌரி